குவில்ட்டுக்கு அடித்துணி எத்தனை மீட்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதக்கணக்கில் உட்கார்ந்து சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு குவில்ட் போர்வையின் மேல்துணியை முடித்தவர்கள்கூட, அடித்துணி வாங்கக் கடைக்குப் போனதும் "அஞ்சு மீட்டர் போதுமா?" என்று கடைக்காரரிடமே கேட்கிறார்கள். பாவம், அவருக்குச் சுடிதார் கணக்கு தெரியும், ஜன்னல் திரைக் கணக்கு தெரியும். இந்தக் கணக்கு அவருக்கு எப்படித் தெரியும்? திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். அளவுகள் இன்ச்சில் இருக்கின்றன. கடையில் சொல்ல வேண்டியது மட்டும் மீட்டரில். ஒரு இன்ச் டேப்பும் கட்டம்போட்ட தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

மேல்துணி என்ன அளவோ அதே அளவுக்கு அடித்துணி எடுத்தா போதாதா?

போதாது. குவில்ட்டில் மூன்று அடுக்கு: மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி. மூன்றையும் சேர்த்துத் தைக்கத் தைக்க ஒவ்வொரு தையலும் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கும். மேல்துணியும் மெஷினின் அழுத்தத்தில் நகர்ந்துகொண்டே போகும். அடித்துணி சரியான அளவில் இருந்தால், கடைசி மூலைக்கு வரும்போது மேல்துணிக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. அதுவரை போட்ட தையலைப் பிரிப்பதைத் தவிர அப்போது வேறு வழி கிடையாது.

ஆகவே நாலு பக்கமும் 4 இன்ச் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீளத்தில் 8, அகலத்தில் 8 கூடும். நடுப்பஞ்சு இரண்டுக்கும் இடையில்: பக்கத்துக்கு 2 இன்ச் நீட்டல் போதும்.

பக்கத்துக்கு 4 இன்ச் வீண்செலவு இல்லையா? குறைக்கக் கூடாதா?

எப்படித் தைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வட்டச் சட்டத்தில் மாட்டிக் கையால் தைப்பதென்றால், ஓரம்வரை சட்டத்துக்குள் பிடிக்கத் துணி வேண்டும். 3 இன்ச்சாவது இருக்கட்டும். வீட்டு மெஷினில் தைப்பவர்கள், மூன்று அடுக்கையும் ஊக்கு குத்தியோ நீள ஓட்டத்தையல் போட்டோ நன்றாகப் பிணைத்துவிட்டால் 2½ முதல் 3 இன்ச்சில் சமாளிக்கலாம். குழந்தைக் குவில்ட்டுக்கு 2 இன்ச் போதும். லாங் ஆர்ம் மெஷினுக்கு, அதாவது குவில்ட்டை உருளைச் சட்டத்தில் மாட்டித் தைக்கும் பெரிய மெஷினுக்கு, அனுப்புவதென்றால் 4 இன்ச்சில் கைவைக்காதீர்கள். அந்தச் சட்டத்தில் கவ்வி மாட்டவே அவ்வளவு வேண்டும்.

இந்தப் பக்கத்தில் எல்லாக் கணக்கையும் 4 இன்ச் வைத்தே போட்டிருக்கிறோம். குறைப்பதாக இருந்தால் தெரிந்து குறையுங்கள்.

குவில்ட் அளவுன்னா பேட்டர்ன்ல போட்டிருக்கிற அளவா?

இல்லை, தைத்து முடித்த மேல்துணியை அளந்த அளவு. நூறு இணைப்பு இருக்கும் மேல்துணியில் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நூலளவு வித்தியாசம் வந்தாலே மொத்தத்தில் 2 இன்ச் ஏறவோ இறங்கவோ செய்யும். தரையில் விரித்து, நீளத்தை இரு ஓரத்திலும் நடுவிலுமாக மூன்று இடத்தில் அளங்கள், அகலத்தையும் அப்படியே. மூன்றில் பெரியது எதுவோ அதுதான் உங்கள் அளவு.

பன்னா 44னு கடையில சொன்னா எனக்கு 44 இன்ச் கிடைக்குமா?

கிடைக்காது. பன்னா என்பது துணியின் அகலம். கணக்குத் தப்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரு பக்க ஓரக் கரையையும் வெட்டியாக வேண்டும், அதில் சுமார் 1 இன்ச் போகும். மிச்சம் 43. துவைத்தால் அகலத்தில் 2, 3 சதவீதம் சுருங்கும். கைக்கு வருவது 42. இதைக் "கைப்பன்னா" என்று வைத்துக்கொள்வோம், பின்னால் அடிக்கடி வரும்.

இதே கணக்கில் 36 பன்னாவுக்குக் கைப்பன்னா 34, 58க்கு 56, கட்டில் விரிப்புத் துணியாக வரும் 90க்கு 87, 108க்கு 104. இன்னொன்று: 44 என்று சொல்லி விற்பது சில நேரம் 42½தான் இருக்கும். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவர் சொல்வது ரகத்தின் பெயர். வெட்டச் சொல்லுமுன் டேப்பை நீங்களே குறுக்கே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, கணக்கை எப்படிப் போடணும்? சிங்கிள் கட்டில் சைஸுக்குப் போட்டுக் காட்டுங்க.

மேல்துணி 60 × 90 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 8 கூட்டினால், வேண்டிய அடித்துணி 68 × 98. துணி 44 பன்னா, அதாவது கைப்பன்னா 42. ஒரே அகலத்தில் 68 வராது. இரண்டு துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் இணைக்க வேண்டும். இணைப்பில் ஒவ்வொரு துண்டிலும் அரை இன்ச், மொத்தம் 1 இன்ச் உள்ளே போகும். 42 + 42 − 1 = 83. வேண்டியது 68, தாராளம்.

ஒவ்வொரு துண்டும் 98 இன்ச் நீளம். இரண்டுக்கு 196. இதை 39.37ஆல் வகுத்தால் 4.98 மீட்டர். நீளத்தில் சுருங்குவதற்கு 5 சதவீதம், அதாவது 25 சென்டிமீட்டர். கடையில் கோணலாக வெட்டியதை நேராக்க இன்னொரு 10 சென்டிமீட்டர். ஆக 5.33. கடையில் 5.4 மீட்டர் கேளுங்கள்.

எந்த அளவுக்கும் வரிசை இதுதான்: வேண்டிய அளவு, கைப்பன்னா, எத்தனை துண்டு, துண்டின் நீளம், மீட்டர், சுருக்கம், கோணல். மீட்டரில் தொடங்கிப் பின்னோக்கி வர முயன்றால் குழம்பும்.

இணைப்பை நெட்டுக்குப் போடாம படுக்கைவாட்டில் போட்டா துணி மிச்சமாகும்னு சொன்னாங்களே, நிஜமா?

சில அளவுகளுக்கு நிஜம். சோபாவில் போர்த்திக்கொள்கிற 50 × 65 குவில்ட்டை எடுங்கள். வேண்டிய அடித்துணி 58 × 73. இணைப்பு நெட்டுக்கு வந்தால் 73 இன்ச்சில் இரண்டு துண்டு, 146 இன்ச், 3.71 மீட்டர். படுக்கைவாட்டில் போட்டால் துண்டுகள் குவில்ட்டின் அகலத்தோடு ஓடும்: 58 இன்ச்சில் இரண்டு துண்டு, 116 இன்ச், 2.95 மீட்டர். ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த இரண்டு துண்டும் 83 இன்ச் உயரம் தரும், வேண்டியது 73தான். முக்கால் மீட்டர் மிச்சம்.

ஆனால் முந்தைய கேள்வியின் 60 × 90க்கு இதைச் செய்தால் நஷ்டம். 98 இன்ச் உயரத்துக்கு 83 பற்றாது, மூன்று துண்டு வேண்டும்; 68 × 3 = 204 இன்ச். நெட்டு இணைப்பின் 196ஐவிட அதிகம். ஆக, எந்தப் பக்கம் லாபம் என்று மனக்கணக்கில் சொல்ல முடியாது. இரண்டு விதமாகவும் தாளில் வரைந்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

எங்க ஊர்க் கடையில 36 பன்னா பாப்ளின்தான் இருக்கு. 44க்குப் போட்ட கணக்கையே கொஞ்சம் கூட்டி வாங்கிக்கலாமா?

கூடாது, முதலிலிருந்து போடுங்கள். கைப்பன்னா 34 ஆனதும் கணக்கே தலைகீழாகலாம். 50 × 65க்குப் படுக்கைவாட்டு இணைப்பு லாபம் என்று பார்த்தோம். 36 பன்னாவில் இரண்டு துண்டு 67தான் தரும், 73க்குப் பற்றாது. மூன்று துண்டு 174 இன்ச் ஆகிவிடும். நெட்டு இணைப்பிலோ 58க்கு 67 போதும்; 146 இன்ச்சிலேயே முடிகிறது. இங்கே நெட்டுதான் லாபம்.

60 × 90க்கு 36 பன்னா எடுப்பவர்கள் ஒரு இன்ச்சில் மாட்டிக்கொள்வார்கள்: வேண்டியது 68, கிடைப்பது 67. இதற்காக மூன்றாவது துண்டு வாங்க வேண்டாம். நீட்டலைப் பக்கத்துக்கு 3 இன்ச்சாக்கி 66 × 96 என்று வைத்துக்கொண்டால் இரண்டு துண்டில் முடியும்.

டபுள் கட்டிலுக்கு? 90 × 100 குவில்ட்.

வேண்டியது 98 × 108. 44 பன்னாவில் இரண்டு துண்டு (83) எந்தப் பக்கமும் பற்றாது. மூன்று துண்டு சேர்த்தால் இரண்டு இணைப்புக்கு 2 இன்ச் கழித்து 124. நெட்டு இணைப்பு 3 × 108 = 324 இன்ச்; படுக்கைவாட்டு 3 × 98 = 294. பின்னதை எடுத்து, சுருக்கமும் கோணலும் சேர்த்தால் 8 மீட்டர்.

58 பன்னாவில் இரண்டு துண்டே 111 தரும். படுக்கைவாட்டில் 2 × 98 = 196 இன்ச்; எல்லாம் சேர்த்து 5.4 மீட்டர், ஒரே இணைப்பு. 108 பன்னாவில் இணைப்பே கிடையாது, 3 மீட்டர். வீட்டு உபயோகத் துணிக்குப் பேர்போன கரூர், ஈரோடு பக்கம் போகிறவர்கள் அகலப் பன்னாவை விசாரித்துப் பார்க்கலாம்.

மீட்டர் விலையைப் பார்த்து மிரள வேண்டாம், மொத்த விலையைப் பாருங்கள். 44 பன்னா மீட்டர் 120 ரூபாய் என்றால் 8 மீட்டர் 960. 108 பன்னாவை மீட்டர் 320 ரூபாய்வரை கொடுத்து வாங்கினாலும் அதே 960தான், மூன்று துண்டை இணைக்கும் வேலையும் மிச்சம்.

சுருக்கத்துக்கு 5 சதவீதம்னு எல்லாத் துணிக்கும் வச்சுக்கலாமா? வாங்கினதும் துவைக்கணுமா?

மில் பாப்ளின், கேம்பிரிக் போன்றவற்றுக்கு 5 சரியாக இருக்கும். காடா, கைத்தறி, கதர் இதைவிட அதிகம் சுருங்கும்; 8 சதவீதம் வைத்துக்கொள்வது பத்திரம். துணி பாவு வழியில், அதாவது நீளவாட்டில்தான் அதிகம் சுருங்கும். நீளத்துக்கு 5 என்றும் அகலத்துக்கு 2, 3 என்றும் பிரித்துப் போட்டது அதனால்தான்.

சந்தேகமிருந்தால் முதலில் அரை மீட்டர் வாங்கி, அதில் 40 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பேனாவால் குறித்து, வீட்டில் துவைக்கிற மாதிரியே துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 40 என்பது 38 ஆகியிருந்தால் 5 சதவீதம். 37 என்றால் ஏழரை. சாயம் போகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

மேல்துணியைத் துவைத்த துணியில் தைத்திருந்தால் அடித்துணியையும் துவைத்தே தையுங்கள். இரண்டுமே துவைக்காதவை என்றால் அப்படியே தைக்கலாம், முதல் துவையலில் சேர்ந்து சுருங்கும். அந்தச் சுருக்கம் பிடித்துப்போய் வேண்டுமென்றே அப்படிச் செய்பவர்களும் உண்டு. ஒன்று துவைத்தது மற்றது துவைக்காதது என்று கலந்தால்தான் தொந்தரவு: அடித்துணி இழுத்துப் பிடிக்க, மேல்பக்கம் கொப்பளம் கொப்பளமாக எழும்பும். இப்படி ஆன குவில்ட்டை இஸ்திரி போட்டுச் சரிசெய்ய முடியாது.

அமெரிக்கப் பேட்டர்ன்ல அடித்துணி 5½ யார்டுன்னு இருக்கு. 5½ மீட்டர் வாங்கிடட்டுமா?

யார்டு என்பது நம் கஜம்தான்: 36 இன்ச், 91.44 சென்டிமீட்டர். ஆறு கஜப் புடவை ஐந்தரை மீட்டர் என்பதை நினைவில் வைத்தால் மறக்காது. 5½ யார்டு 5.03 மீட்டர், 5½ மீட்டர் வாங்கினால் கிட்டத்தட்ட அரை மீட்டர் கூடுதல். அது பெரிய நஷ்டமில்லை, சுருக்கத்துக்கு ஆகும்.

நஷ்டம் வேறு இடத்தில் வரும். அந்தப் பேட்டர்ன்கள் 40 முதல் 42 இன்ச் கைப்பன்னாவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உங்கள் கையில் 36 பன்னா இருந்தால் அந்த எண் உங்களுக்கு உதவாது. 58 இருந்தால் தேவைக்கு மேல் வாங்குவீர்கள். பேட்டர்னில் குவில்ட்டின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, அடித்துணிக் கணக்கை நீங்களே போடுங்கள்.

கடையில "5.4 மீட்டர் இருக்கு, ஆனா 3 மீட்டரும் 2.4 மீட்டருமா ரெண்டு பிட்டா இருக்கு"ன்னாங்க. மொத்தம் சரிதானே?

மொத்தத்தைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு பிட்டிலும் முழுத் துண்டு எத்தனை வரும் என்று பாருங்கள். 60 × 90க்கு 98 இன்ச் துண்டு இரண்டு வேண்டும். 3 மீட்டரில் 118 இன்ச்; ஒன்று வெட்டியபின் மிச்சம் பயனற்ற நீளம். 2.4 மீட்டரில் 94½ இன்ச்தான். சுருங்கினால் 90க்குக் கீழே போகும். இரண்டாவது துண்டு குறைகிறது. படுக்கைவாட்டில் 68 இன்ச் துண்டு மூன்று வேண்டும். இரண்டு பிட்டிலும் ஒவ்வொன்றுதான் வரும்.

இதே இரண்டு பிட்டு 2.7, 2.7 என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஒரே சாயத் தொகுதியா என்று மட்டும் வெளிச்சத்தில் சேர்த்துவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் நீலம் வாசலில் இரண்டாகத் தெரியும்.

பெட்ஷீட்டையே போட்டுட்டா என்ன? இணைப்பு வேலையே இல்லையே.

போடலாம். 90 × 108 டபுள் பெட்ஷீட்டின் மடிப்புத் தையலைப் பிரிக்காமல் வெட்டி எறிந்தாலும் 87 × 104 கிடைக்கும்; 60 × 90 குவில்ட்டுக்கு அது போதும். பழகிய பெட்ஷீட் என்றால் சுருக்கக் கவலையும் இல்லை.

நெசவு அடர்த்தியை மட்டும் பாருங்கள். 300, 400 நூல் எண்ணிக்கை என்று பெருமையாக விற்கும் வழவழப்பான பெட்ஷீட்டில் கையூசி இறங்காது, விரல்தான் புண்ணாகும். மெஷினில் தையல் விட்டுப்போகும், பிரித்தால் ஓட்டை அப்படியே நிற்கும். 200க்கு உட்பட்ட சாதாரணப் பருத்தி பெட்ஷீட்டே நல்லது. பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், பருத்தி மேல்துணியோடு அது சேர்ந்து சுருங்காது.

பாட்டியோட பழைய காட்டன் புடவை இருக்கு. அடித்துணியா போட முடியுமா, அளவு வருமா?

பழைய புடவைகளை அடுக்கித் தைத்துத்தான் வங்காளத்தில் காந்தா போர்வை வந்தது. மெத்தென்று இருப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆறு கஜப் புடவை 216 இன்ச். அகலம் 45, இரு பக்கமும் 3 இன்ச் பார்டரை எடுத்தால் 39. ஏற்கெனவே துவைத்துத் துவைத்துச் சுருங்கியது. இனி கழிக்க வேண்டியதில்லை. இரண்டு துண்டு சேர்த்தால் 77. 60 × 90க்கு இரண்டு 98 போக 20 இன்ச் மிஞ்சும்.

முந்தானையில் சரிகை இருந்தால் கதை வேறு. சரிகையில் ஊசி முனை மழுங்கும், தைத்தபின் உடம்பில் குத்தும், வெட்டத்தான் வேண்டும். ஒரு கஜம் போனால் மிச்சம் 180, இரண்டு 98 வராது. அந்தப் புடவை 50 × 65க்குத்தான்: படுக்கைவாட்டில் இரண்டு 58, உயரம் 77; நன்றாகவே பொருந்தும். ஒன்பது கஜம் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள்: 324 இன்ச்சில் மூன்று 98 எடுத்தால் டபுள் கட்டிலுக்கே ஆகும், உயரம் 115 வரும்.

வெட்டுமுன் புடவையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் செருகிய இடமும் கீழ்ப் பார்டரை ஒட்டிய பகுதியும் நைந்திருக்கும். இரு கட்டைவிரலால் இழுத்தால் பிரியும் இடத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை அளந்து கணக்கைப் போடுங்கள்.

ஓரக் கரையை வெட்டாம அப்படியே இணைச்சா பிரியாம இருக்குமே, ஏன் வெட்டணும்?

பிரியாது, உண்மை. ஆனால் கரையில் இழைகள் நெருக்கமாக இருப்பதால் துவைக்கும்போது மற்ற பகுதியோடு ஒத்துச் சுருங்காது. குவில்ட்டின் முதுகில் தலையிலிருந்து கால்வரை ஒரு இழுப்பு விழும். கையால் தைப்பவருக்கு அந்த இடத்தில் ஊசியும் இறங்காது.

எளிய வழி: கரையோடு கரை பொருந்த நல்லபக்கம் உள்ளே வைத்து, கரை முடியும் கோட்டிலிருந்து அரை இன்ச் உள்ளே தள்ளி நேராகத் தைத்துவிடுங்கள், பிறகு கரையை மட்டும் வெட்டி எடுங்கள். தையலை நெருக்கமாக வையுங்கள், இன்ச்சுக்கு 12. இணைப்பை ஒரே பக்கம் மடிக்காமல் இரு பக்கமும் விரித்து இஸ்திரி போட்டால் மேலே தைக்கும்போது மேடு தட்டாது.

இணைப்பு சரியா நடுவுல வரக் கூடாதுன்னு சொல்றாங்க. ஏன்?

போர்வையை மடிக்கும்போது எப்போதும் நடுவில்தான் மடிக்கிறோம். மடிப்பும் இணைப்பும் ஒரே கோட்டில் வந்தால் அந்த இடம் முதலில் தேயும். தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, வேண்டிய 68ஐ 42, 27 என்று பிரித்து இணைப்பை ஒரு பக்கமாகத் தள்ளுவது. மற்றது, இரண்டாவது துண்டை நீளவாட்டில் இரண்டாக வெட்டி முழுத் துண்டின் இரு பக்கமும் தைப்பது. இதற்குக் கூடுதல் துணி வேண்டாம். இணைப்பு ஒன்று கூடுவதால் 83 என்பது 82 ஆகும், அவ்வளவே. பார்வைக்கு இரண்டாவதுதான் அழகு. வேலை குறைவு முதலாவதில்.

பூ டிசைன் இணைப்புல ஒட்டி வரணும்னா எவ்வளவு கூட வாங்கணும்?

டிசைன் எத்தனை இன்ச்சுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று நீளவாட்டில் அளங்கள். 12 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். முதல் துண்டை 98இல் வெட்டிவிட்டீர்கள். இரண்டாவது துண்டு அதே பூவில் தொடங்க வேண்டும். 12இன் மடங்கில் 98க்கு அடுத்து வருவது 108. இடையில் உள்ள 10 இன்ச் வீண். ஆக 108 + 98 = 206 இன்ச். துண்டு மூன்றானால் இந்த வீண் இரண்டு முறை. அகலவாட்டிலும் பூ ஒட்டி வரக் கொஞ்சம் ஏற்றி இணைக்க நேரும். ஒரு டிசைன் அகலம்வரை போகலாம். 83இல் 12 போனாலும் 71; 68க்குப் போதும்.

யானை, மரம், எழுத்து என்று தலைகால் உள்ள டிசைனுக்குப் படுக்கைவாட்டு இணைப்பை மறந்துவிடுங்கள். நீளவாட்டில் நிற்கும் யானை அங்கே படுத்துவிடும். கையச்சுத் துணியில் ஒட்ட வைக்க முயலவே வேண்டாம். கட்டையைக் கையால் வைத்து அடித்தது, அச்சுக்கு அச்சு சற்று விலகித்தான் இருக்கும். பொடிப்பூ டிசைனில் இணைப்பே கண்ணுக்குத் தெரியாது. முதல் குவில்ட் தைப்பவர்கள் அதையே வாங்குங்கள்.

78 × 95 குவில்ட். 86 இன்ச் வேணும், ரெண்டு துண்டுல 83தான் வருது. 3 இன்ச்சுக்காக மூணாவது துண்டு வாங்கணுமா?

வேண்டாம். வீட்டு மெஷினில் தைப்பதென்றால் முதலில் நீட்டலைக் குறையுங்கள்: 83இல் 78 போனால் 5, பக்கத்துக்கு 2½. இரண்டாவது பதிலில் சொன்னபடி நன்றாகப் பிணைத்துத் தைத்தால் போதும்.

4 இன்ச் கட்டாயம் வேண்டுமென்றால், இரண்டு துண்டுக்கும் இடையில் 5 இன்ச் அகலப் பட்டி ஒன்றைச் செருகுங்கள். 83 + 5 − 1 = 87. மேல்துணியில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டியே அந்த 103 இன்ச் பட்டியைச் செய்துவிடலாம். முதுகுக்கும் ஒரு அழகு. துணியோ 206 இன்ச்சில் முடிகிறது. படுக்கைவாட்டில் மூன்று துண்டு போட்டிருந்தால் 258. ஒன்றேகால் மீட்டருக்கு மேல் மிச்சம்.

ஒரே துண்டைக் குறுக்கே வெட்டி நகர்த்தி ஒட்டினா அகலம் கூடும்னு ஒரு வித்தை இருக்காமே?

இருக்கிறது. துணியை மூலைக்கு மூலை வெட்டி, இரண்டு முக்கோணத்தையும் அந்தச் சாய்வு வழியே நகர்த்தினால் அகலம் கூடி நீளம் குறையும். இழையின் திசை மாறாது. வேண்டிய அகலம் கைப்பன்னாவைவிடக் கொஞ்சமே கூடுதலாக இருக்கும்போதுதான் இது பலிக்கும்.

கணக்கு இப்படி: வேண்டிய அகலத்தோடு இணைப்புக்கு 1¼ இன்ச் கூட்டுங்கள். கைப்பன்னாவின் இரு மடங்கிலிருந்து அதைக் கழியுங்கள். வேண்டிய நீளத்தைக் கைப்பன்னாவால் பெருக்கி, கழித்து வந்ததால் வகுங்கள். நீட்டலும் சேர்த்து வேண்டிய அடித்துணியே 50 × 65, கைப்பன்னா 42 என்றால்: 84 − 51¼ = 32¾; 65 × 42 ÷ 32¾ = 83½ இன்ச். படுக்கைவாட்டில் இரண்டு துண்டு போட்டால் 100 இன்ச் ஆகும். 16 இன்ச் மிச்சம். வேண்டிய அகலம் 60 ஆகிவிட்டால் இந்த வித்தைக்கும் 120 இன்ச், சாதாரண இணைப்புக்கும் 120. அதற்கு மேல் நஷ்டம்தான். சாய்வாக வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும் என்பதால், கஞ்சி போட்டு இஸ்திரி செய்த துணியில் மட்டும் இதைச் செய்யுங்கள். கோடும் கட்டமும் போட்ட துணிக்கு ஒத்துவராது.

மிஞ்சின துணியில பைண்டிங் (ஓரத்தைச் சுற்றித் தைக்கிற பட்டி) வருமா?

60 × 90 கணக்கில் 83இல் 68 போக 15 இன்ச் அகலம், 98 நீளத்துக்கு மிஞ்சும். இணைக்குமுன் இரண்டாவது துண்டிலிருந்து இதை ஒரே பட்டியாக வெட்டி எடுத்துவிடுங்கள். தைத்து முடித்து ஓரம் கழிக்கும்போது எடுத்தால் குறுகிய துண்டுகளாகிவிடும். குவில்ட்டின் சுற்றளவு 300, மூலைக்கும் முடிப்புக்கும் 12 சேர்த்து 312. இரண்டரை இன்ச் பட்டி நாலு எடுத்தால் 392. இணைப்பில் போவது போகவும் தாராளம். பைண்டிங்குக்குத் தனியாக அரை மீட்டர் வாங்கும் வழக்கத்தை இங்கே விட்டுவிடலாம்.

லாங் ஆர்முக்கு அனுப்பினா வேற என்ன கவனிக்கணும்?

ஓரம் நாலும் நேராக, மூலை சதுரமாக இருக்க வேண்டும். துணியைக் கிழித்து இழை நேராக்கி அனுப்புவது நல்லது. மூன்று அடுக்கையும் பிணைக்காமல் தனித்தனியாக அனுப்புங்கள். இணைப்பு படுக்கைவாட்டில் இருந்தால் உருளையில் சீராகச் சுற்றும். நெட்டு இணைப்பு ஒரே இடத்தில் சுற்றுக்குச் சுற்று தடித்து, இரு பக்கமும் துணி தொய்யும். இதற்காக அரை மீட்டர் கூடச் செலவானாலும் படுக்கைவாட்டையே எடுங்கள். தலைப்பக்கம் எது என்று ஒரு ஊக்கு குத்திக் காட்டுங்கள்.

எல்லாம் பண்ணியும், துவைச்சப்புறம் ஒரு பக்கம் ரெண்டு இன்ச் குறையுது. கடையில அந்தத் துணியும் தீர்ந்துபோச்சு. இப்ப என்ன பண்றது?

நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் எப்படியும் கடைசியில் வெட்டி எறியப்படுவதுதான். அது அதே துணியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பழைய வேட்டியோ தலையணை உறையோ ஏதாவது ஒரு பருத்தித் துணியில் 5 இன்ச் பட்டி எடுத்து, குறைகிற பக்கத்தில் தைத்துவிடுங்கள். ஊக்கு குத்தவும் கவ்வி மாட்டவும் அது போதும்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அசல் அடித்துணி மேல்துணியின் ஓரத்தைத் தாண்டி 1 இன்ச்சாவது இருக்க வேண்டும், தைக்கும்போது அவ்வளவு உள்ளே இழுக்கும். அதுவும் இல்லையென்றால் ஓரத்தில் ஒட்டுப்போடாமல், 78 × 95க்குச் சொன்ன நடுப்பட்டிதான் வழி.